தொட்டி இங்கேதான் இருக்கும்

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்தில், என் மீன்தொட்டியை அகற்றச் சொன்னார்கள். தொட்டியின் விளிம்பில் வழியும் தண்ணீர், குழாய் வழியாக அடியிலுள்ள வடிகட்டும் பெட்டியில் கொடகொடவென்று இறங்கும். கீழ் வீட்டுப் பாட்டு மாமிக்கு அது ஆகவில்லை.

"ஆத்துல கொழந்தைகள் பாடிண்டிருக்கறச்சே, மேலே யாரோ வாய் கொப்பளிக்கற மாதிரி இருக்கு" என்றார்.

"மீனை யாருக்காவது குடுத்துடுங்க சார்" என்றார் செயலாளர்.

"சத்தத்தை நிறுத்துறேன். மீனைக் குடுக்க மாட்டேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

தண்ணீரோடு காற்றும் குழாய்க்குள் போவதால்தான் அந்தச் சத்தம். ஒரு வால்வு பொருத்தி, காற்று புகாத அளவுக்கு மூடினால் போதும். ஆனால் மயிரிழை அதிகமாக மூடினால் தொட்டி நிரம்பித் தரையில் வழியும். குறைந்தால் மறுபடி கொடகொட. எவ்வளவு திருகியும் எனக்குப் பிடிபடவில்லை. கோபத்தோடு கீழே போனேன்.

"உங்களுக்குத்தானே கேக்குது மாமி, நீங்களே வந்து சொல்லுங்க."

மாமி விடுவாரா? வந்து, தொட்டியருகே நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வால்வைத் திருக, அவர் விரல்கள் சுருதி சேர்க்கத் தம்புராவின் பிருடையைத் திருப்புவதுபோல் காற்றில் அசைந்தன.

"இன்னும் துளி. காத்து இருக்கு. இன்னும். போறும், கையை எடுங்கோ."

வீடு சட்டென்று அமைதியானது.

இப்போது கீழே பிள்ளைகள் சுருதி விலகிப் பாடுவதெல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. கேட்கட்டும். யாரையும் வீட்டைவிட்டு அனுப்பச் சொல்லி, எந்தக் கூட்டத்திலும் நான் கை தூக்கப் போவதில்லை.