போலந்து வழியாக

தொண்ணூற்றிரண்டு மார்ச்சில் ஒரு நாள், பிற்பகல் ஒரு மணிக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறினேன். சிங்கப்பெருமாள் கோவில் இருபது கிலோமீட்டர் சொச்சம். போய்வர ஆறு ரூபாய். என் வீட்டு மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்துப் பெண் யோகம் அங்கே ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். அவள் கணவர் ஜெர்மனியில் தங்க அனுமதி கேட்டிருந்தார். கிடைத்தால் அவளையும் அழைத்துக்கொள்வதாக இருந்தது. அன்று காலை அவர் என் வீட்டு ஃபோனில் பேசினார். வந்த வழியான போலந்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஐந்து மணிக்கு மறுபடி கூப்பிடுவார். அதற்குள் யோகத்தை வீட்டுக்கு அழைத்துவர வேண்டும்.

பொத்தேரியில் மாணவர்கள் சத்தமாக இறங்கிப் போனார்கள். நானும் முப்பது வருடம் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தியவன். ஐரோப்பிய நாடுகள் சில ஒன்றுசேர்ந்து போலந்துடன் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன. அந்நாட்டின் வழியே அனுமதியின்றி வந்தவர்களை அந்நாடே திரும்ப ஏற்க வேண்டும். இதை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். ஆனால் ஜெர்மனியில் விசாரணைக்கு முன்னால் யோகத்தின் கணவர் ஃபோனில், "எந்த வழியால வந்தனீ எண்டு கேப்பாங்கள், என்ன சொல்ல ஐயா?" என்று கேட்டபோது, அந்த ஒப்பந்தம் இந்த மனிதரைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவேயில்லை. உண்மையைச் சொல்லுங்கள், மதிப்பார்கள் என்றேன். போலந்து வழியாக வந்ததைச் சொல்லிவிட்டார்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன், "இன்னா சார், சாவா?" என்றார். இல்லை என்றேன்.

"சாவுன்னாதான் நடுவுல உடுவாங்க. குந்து சார்."

மூன்றரைக்கு ஷிப்ட் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்த யோகத்திடம் செய்தியைச் சொன்னேன். என் யோசனையால் வந்தது இது என்பதை ரயில் கிளம்பிய பிறகுதான் சொல்ல முடிந்தது.

வண்டலூர் வந்ததும் அவள் கேட்டாள்: "பொய் சொல்லியிருந்தா வைச்சிருப்பாங்களோ, ஐயா?"

"வைத்திருக்கலாம், அம்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஐந்து மணி தாண்டி ஃபோன் அடித்தது. அவள் அழாமல் பேசினாள். மறுநாள் போலந்து அதிகாரிகள் விசாரிக்கப்போகிறார்களாம். அவர் இரைந்து பேசியது எனக்கும் கேட்டது: "இவங்களிட்ட என்ன சொல்ல? ஐயாவைக் கேட்டுச் சொல்லும்."

நான் கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். யோகம் என்னைப் பார்த்துக்கொண்டே ரிசீவரில் சொன்னாள்:

"ஐயா வீட்டில இல்லை."