தோணிக்காரர் மேல் நபீஸுக்கு வந்த பொறாமை

வெள்ளவத்தையில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கும் நபீஸுக்கு வயது முப்பத்தாறு. விரல்களுக்கு மட்டும் பதினெட்டு. மாளிகாவத்தை ஃப்ளாட்களில் வீடியோ கேம் பந்தயம் நடந்த காலத்தில் அவனை அடிக்க ஆளில்லை. வென்ற மூன்று கப்புகளும் இன்றும் அலுமாரிக்கு மேல் நிற்கின்றன. கேம் என்றால் ஆட்டம், அடித்தோமா வென்றோமா என்பதுதான் அவன் கட்சி. நடுவில் யாராவது கதை பேச வந்தால் கட்டைவிரல் தானாகப் போய் ஸ்கிப் பட்டனை அழுத்திவிடும். கதை வேண்டுமென்றால் டிராமா பார்க்கட்டுமே!

அவன் ஆடும்போது மனைவி ரிஸ்லா ஒரு நாளாவது பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை. அந்த ரிஸ்லாதான் இரண்டு மாதமாக ஒரு கேமே கதியென்று கிடந்தாள். வெள்ளத்தில் காணாமற்போன மகளைத் தேடி ஆறு முழுக்கத் தோணி விடும் கிழவரின் கதை அது. ஆடத் தெரியுமா என்றால் தெரியாது. தோணியைக் கொண்டுபோய்க் கல்லில் மோதுவாள். ஆனால் கிழவர் வாயைத் திறந்தால் போதும், கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள், கண்ணைத் துடைப்பாள். பிறகு தங்கை றுஷ்னாவுக்கு ஃபோன் எடுத்து, "பாவம் அந்த மனிசன், மகள்ட ஒத்தச் செருப்ப இன்னும் வெச்சிக்கிட்டு ஈக்கிறார்" என்பாள்.

நபீஸுக்கு வயிறு எரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கேமில் வரும் ஒரு கிழவர் மேல் பொறாமை. டெங்கு வந்து தான் படுத்திருந்தபோதுகூட அவள் தன்னை அப்படிப் பார்த்ததாக அவனுக்கு ஞாபகமில்லை.

கடைசிச் சண்டையில் ரிஸ்லா ஒரு வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கெழம றுஷ்னா வருவா. முடிவ ரெண்டு பேருமாச் சேந்து பாக்கப் போறம்" என்றாள். மூன்று கப் வென்றவன் வீட்டிலேயே இருக்க, அவனிடம் ஒரு வார்த்தை உதவி கேட்கவில்லை. அதுதான் சுட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபோது ரிஸ்லா தையற்காரியிடம் போயிருந்தாள். அவள் தோற்ற சண்டையை ஆட நபீஸ் உட்கார்ந்தான். மூன்று தடவை தோற்று நாலாம் தடவை ஜெயித்தான். கிழவர் தோணியை விட்டு இறங்கி ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். பழகிய கட்டைவிரல் அழுத்தியது; இன்னொரு முறையும் அழுத்தியது. கேம் செய்தவர்களின் பெயர்கள் ஓடத் தொடங்கின. அந்த கேம் ஆட்டத்தை ஒரே இடத்தில்தான் சேமித்து வைக்கும்; முடிந்ததும் அதையும் அழித்துவிடும். இனி முதலிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

ரிஸ்லா வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். "வென்டு தந்துட்டன்!"

அவள் கைப்பையைக் கீழே வைக்கவில்லை. "அப்ப அந்தப் புள்ள கெடச்சாளா?"

"நான்... பாக்கல்ல. ஸ்கிப் பண்ணிட்டன். யூடியூப்ல ஈக்கும், தேடித் தரட்டா?"

"வேணாம். நான் தோணி விடாம எனக்கு எதுக்கு முடிவு?"

திட்டியிருந்தால் தேவலை. அவள் மஃரிப் தொழுதுவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். இன்னும் இரண்டு மாதம் அந்தக் கிழவரோடு. அதைத் தானே தூக்கிக் கொடுத்ததை நினைக்க நபீஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மாலை கதிரையை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். திரையில் வெள்ளம் வந்தது. சின்னக் கை ஒன்று கிழவரின் கையிலிருந்து நழுவியது. செருப்பு மட்டும் மிஞ்சியது. நபீஸ் கதிரையை இன்னும் முன்னே இழுத்தான்.

"இந்தப் புள்ள உசிரோட ஈக்கிறாளா?" என்று கேட்டான்.

ரிஸ்லா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முடிச்சது நீங்கதானே? நீங்கதான் சொல்லணும்."