கண்வலிக்கிழங்கு மாத்திரை

முப்பது வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். என் மனைவியை ஏமாற்றியதும் அந்தப் படிப்பை வைத்துத்தான்.

அவளுக்கு மாரடைப்பு வந்து, நாமக்கல்லில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒவ்வொரு மாத்திரையாக விளக்கினார். கடைசியில் ஒரு சின்ன மாத்திரை. "கொழுப்பு குறைஞ்சாலும் ரத்தக்குழாய்ச் சுவர்ல அழற்சி இருக்கும், உள்ளுக்குள்ள புண்ணு கனியற மாதிரி. அதைத் தணிச்சா மறுபடி அடைப்பு வர்ற வாய்ப்பு குறையும்" என்றார்.

அட்டையில் பெயரைப் படித்ததும் தெரிந்துவிட்டது. கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்து எடுக்கும் மருந்து. எருமப்பட்டியில் எங்கள் காட்டிலேயே அரை ஏக்கர் போட்டிருந்தோம். அந்தக் கிழங்கைக் கடித்த ஆடு கழிந்து கழிந்து செத்ததைப் பார்த்தவன் நான். அதையா இவளுக்குக் கொடுப்பது?

டாக்டரிடம் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாததா என்ற கர்வம் விடவில்லை. மாத்திரை எடுத்துத் தருவது என் வேலை. அந்தச் சின்ன மாத்திரையை ஒதுக்கிவிட்டு, அதே அளவில் ஒரு சத்து மாத்திரையை வைத்தேன். அவள் கையை நீட்டுவாள், வாங்கி விழுங்குவாள்.

ஏழு மாதம் கழித்து மறுபடியும் நெஞ்சு வலி. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், "அழற்சி இறங்கவே இல்லையே. மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டீங்களாம்மா?" என்றார்.

"ஒரு வேளை உட்டதில்லீங்க. எங்கூட்டு வாத்தியாரு எடுத்துக் குடுக்கறாரு, தப்பாகுங்களா?" என்று சிரித்தாள்.

"அப்ப இந்த மருந்து உங்களுக்குக் கேக்கல" என்று அவர் வேறு மருந்து எழுதப்போனார். என் பொய்யை நம்பி எழுதுகிறார். அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

டாக்டர் திட்டவில்லை. "அதை நிறுத்துனதாலதான் வலி வந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா பயமா இருந்தா எங்கிட்டக் கேட்டிருக்கலாமேங்க. இது துளியூண்டு அளவுதானே" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"பயந்தீங்க, சரி. நிறுத்துனீங்க, அதுவும் போவுது. அந்தச் சத்து மாத்திரைய எதுக்குங்க வெச்சீங்க?"

"ஒண்ணு குறையுதேன்னு நீ கேட்டுருவியேன்னுதான்."

"நான் ஒரு நாளாச்சும் எண்ணிப் பாத்திருக்கேனுங்களா?"

இப்போது அவளே அட்டையைப் பிரித்து எடுத்துக்கொள்கிறாள், அந்தச் சின்ன மாத்திரையையும் சேர்த்து. ஆங்கில எழுத்து புரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறாள். நான் அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.