வெர்லீன் போட்ட சிக்கனப் பயணம்

அமெரிக்காவின் வடக்கே டொலீடோ நகரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்த வெர்லீன் மங்கினுக்கு எதையும் முழு விலை கொடுத்து வாங்கிப் பழக்கமில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளே அடுத்த கிறிஸ்துமஸுக்கான வண்ணக் காகிதத்தைப் பாதி விலைக்கு வாங்கி வைத்துவிடுவாள். கூப்பன் இல்லாமல் கடைக்குப் போவது அவளுக்குப் பாவம் செய்கிற மாதிரி. கல்யாணமாகி முப்பது வருடம் ஆகப்போகிறது, தெற்கே கடலோரத்துச் சார்ல்ஸ்டனையும் சவானாவையும் பார்த்துவிட்டு வரலாம் என்று அவள் வாயிலிருந்து வந்தபோது, கணவன் ஹோசேயா கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டான்.

"ரெண்டு ஊரா? நாம என்ன செனட்டர் வீட்டுப் புள்ளைங்களா?"

"செலவை என்கிட்ட விடு. எப்படிக் குறைக்கிறேன்னு மட்டும் பாரு."

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட அவளுடைய தாய்வழி மூத்தோர் கப்பலிலிருந்து இறக்கி விற்கப்பட்டது சார்ல்ஸ்டன் துறைமுகத்தில். அந்த இடத்தில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சவானா அவனுக்காக. அவன் பிறந்து வளர்ந்தது அங்கேதான். அவனுடைய அம்மா அங்கே எங்கோ ஒரு கல்லறையில் கிடக்கிறாள் என்பதற்கு மேல் அவன் எதுவும் சொன்னதில்லை. அன்னையர் தினத்தன்று அவர்களுடைய சபையில் தாய் உயிரோடிருப்பவர்கள் சிவப்புப் பூவும், தாயை இழந்தவர்கள் வெள்ளைப் பூவும் குத்திக்கொள்வார்கள். வருடா வருடம் ஹோசேயாவின் கோட்டில் வெள்ளைப் பூவைக் குத்திவிடுவது வெர்லீன்தான். அந்தக் கல்லறையைத் தேடிப்பிடித்து இருவருமாகப் போய்ப் பூ வைத்துவிட்டு வர வேண்டும் என்று அவள் மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். அவனிடம் சொல்லவில்லை.

திட்டம் போடப் போட அவனும் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். விமானக் கட்டணத்துக்கு எங்கே போவது என்றான். காரில் போகலாம் என்றாள். நம் கார் அவ்வளவு தூரம் தாங்காது என்றான்.

"ஊர்ல ஓடுற பஸ்ஸையெல்லாம் ரிப்பேர் பண்ற மெக்கானிக் நீ. உன் கார் தாங்காதுன்னு வெளிய சொல்லிடாதே, மானம் போயிடும்."

ஆகஸ்டில் அங்கே வெயில் ஆளைக் கொன்றுவிடும் என்றான். அதனால்தான் ஆகஸ்டில் வாடகை குறைவு என்றாள் அவள். சாப்பாட்டுச் செலவு என்று ஆரம்பித்தான். பொரித்த கோழியும் அவித்த முட்டையும் ஐஸ் பெட்டியில் வரும், ஓட்டல் வாசலைக்கூட மிதிக்கப் போவதில்லை என்றாள். சார்ல்ஸ்டனில் சபைத் தோழி ஒருத்தியின் தங்கை வீட்டில் படுத்துக்கொள்ள ஏற்பாடாகிவிட்டது. கடைசியில் ஹோசேயா இறங்கி வந்தான். "சரி, சார்ல்ஸ்டன் மட்டும். அதோட திரும்பிடுவோம்."

"சவானா அங்கேயிருந்து கூப்பிடு தூரம். வாசல் வரைக்கும் போயிட்டுப் பொறந்த ஊரைப் பார்க்காம திரும்புவாங்களா?"

அவன் வண்டியைப் பார்க்கிறேன் என்று கொட்டகைக்குப் போய்விட்டான். அடுத்த சனிக்கிழமையும் காலையிலேயே அங்கே போய்க் காருக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

அன்று வெர்லீன் சமையலறையிலிருந்து சவானாவுக்குப் போன் போட்டாள். ஓரலீ என்கிற பெண்மணி வீட்டுக்குப் பின்னாலிருந்த அறையைச் சபைக்காரர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். எடுத்த எடுப்பிலேயே ஓரலீயின் குரல் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வாடகையில் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். ஓரலீ சிரித்துக்கொண்டே குறைத்தாள்.

"பேர் என்ன சொன்னே கண்ணு?"

"வெர்லீன் மங்கின்."

"மங்கினா? எங்க பக்கத்துப் பேராச்சே! நீங்க யாரோட ஆளுங்க?"

"என் வீட்டுக்காரர் உங்க ஊர்தான். அவங்கம்மா பேரு அர்டீலியா மங்கின். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே தவறிட்டாங்க."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று வெர்லீன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"மிஸ் அர்டீலியாவா? யாரும்மா உனக்கு அப்படிச் சொன்னது? போன ஞாயித்துக்கிழமை எனக்கு முன் பெஞ்சுலதான் உக்காந்திருந்தாங்க. பாஸ்டர் எப்ப முடிப்பாருன்னு என்கிட்ட ரெண்டு தரம் கேட்டாங்க."

"அது வேற அர்டீலியாவா இருக்கும்."

"இந்த ஊர்ல அந்தப் பேருக்கு அவங்க ஒருத்திதான். ஆனா கண்ணு, அவங்களுக்குத்தான் புள்ளையே இல்லையே. ரெண்டு பசங்க இருந்தாங்களாம், ரெண்டு பேரையும் ஆறு கொண்டு போயிடுச்சாம். அவங்க இந்தச் சபைக்கு வர்றதுக்கு முன்னாடி, வேற பக்கம் குடியிருந்தப்ப நடந்தது. அவங்க வாயால சொல்லிக் கேட்டிருக்கேன்."

"பசங்க பேரு தெரியுமா?"

"சின்னவன் நேதன். பெரியவன் ஹோசேயா."

வெர்லீன் நாற்காலியைத் தேடினாள். கைக்கு அகப்படவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிடத்தில் அவளுக்கு வந்தது கோபமல்ல, பயம். செத்துப்போனவனின் பெயரை வைத்துக்கொண்டு தன்னோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவன் யார்? ஓரலீ ஏதோ கேட்டுக்கொண்டேயிருந்தாள். அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வெர்லீன் போனை வைத்தாள்.

கொட்டகையில் காருக்கு அடியிலிருந்து ஹோசேயாவின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"வெர்லீனா? அந்தச் சின்ன ஸ்பேனரைக் கொஞ்சம் எடு."

"நீ யாரு?" என்று கேட்டாள்.

"நேத்துப் பன்றிக்கறி கருகிப்போச்சுன்னு சொன்ன பாவி. இன்னுமா கோபம்?"

"சவானாவுக்குப் போன் பண்ணினேன். அர்டீலியா மங்கின் உயிரோட இருக்காங்க. அவங்க மகன் ஹோசேயா ஆத்துல போயிட்டானாம். அப்ப நீ யாரு?"

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. ஏதோ இரும்பு தரையில் விழுந்து உருண்டது. வெளியே வருவான் என்று காத்திருந்தாள். அவன் வரவில்லை. அங்கே படுத்தபடியேதான் பேசினான்.

"நான்தான் ஹோசேயா. ஆத்துல போனது நேதன் மட்டும்தான்."

பள்ளிக்கூடம் முடித்த வருடம் அது. ஆற்றுப் பக்கம் தம்பியைக் கூட்டிப் போகாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். அவன் நண்டு பிடிக்கக் கூட்டிப் போனான். கடலின் ஓதம் வற்றும்போது ஆற்றுத் தண்ணீர் எப்படி இழுக்கும் என்று தெரிந்தும் போனான். கையைப் பிடித்தான், பிடி நழுவிவிட்டது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா அவனுடைய சட்டைகளை எடுத்து வாசலில் வைத்தாள்.

"ரெண்டு பேரையும் இன்னைக்கே பொதைச்சுட்டேன்னு சொன்னாங்க, வெர்லீன். அவ்வளவுதான் சொன்னாங்க. நான் பஸ் ஏறிட்டேன்."

"என்கிட்ட ஏன் செத்துட்டாங்கன்னு சொன்னே?"

"முதல் தடவை நீ கேட்டப்ப வாய்ல வந்துடுச்சு. அப்புறம் உங்கப்பாகிட்ட சொன்னேன். அப்புறம் சபையில சொன்னேன். அதுக்கப்புறம் எப்படி உயிரோட எழுப்புறது?"

"உயிரோட இருக்கிறவங்களுக்கு என் கையால வெள்ளைப் பூ குத்த வெச்சிருக்கே! நம்ம பொண்ணுக்குச் சொந்தமே இல்லாம பண்ணிட்டே!" அவள் காரின் கதவை ஓங்கிக் குத்தினாள். அடியிலிருந்து அவன் அழுகிற சத்தம் கேட்டது. அவன் அழுது அவள் அதுவரை கேட்டதே இல்லை. இரக்கப்பட வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் இரக்கம் வரவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் வீட்டில் உப்பைக் கொடு, விளக்கை அணை என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கொலம்பஸில் இருந்த மகள் ரெனீட்டா போன் செய்தபோதெல்லாம் வெர்லீன் வானிலையைப் பற்றிப் பேசினாள். பயணம் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தபோது ஓரலீ கூப்பிட்டாள்.

"என்னால அடக்க முடியல கண்ணு. மிஸ் அர்டீலியாகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அடுப்பை அணைச்சுட்டு உக்காந்துட்டாங்க. ரொம்ப நேரம் கழிச்சு, 'அவங்ககிட்ட ரூமுக்கு எவ்வளவு கேட்டே'ன்னாங்க. சொன்னேன். 'அநியாயம், அதை ரத்து பண்ணு, என் வீட்ல கட்டில் கிடக்கு'ன்னுட்டாங்க."

வெர்லீன் சிரித்தாள். சிரித்த கையோடு உட்கார்ந்து அழுதாள். அன்று சாயங்காலம் ஹோசேயாவிடம் சுருக்கமாகச் சொன்னாள்: "முதல்ல சவானா. சார்ல்ஸ்டன் அப்புறம். கார் தாங்கலைன்னா நீ தள்ளிக்கிட்டு வா."

சவானா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தின் எல்லை தாண்டியதும் அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். அவள் அவனை நகரச் சொல்லிவிட்டுத் தானே ஓட்டினாள்.

பச்சைச் சாயம் அடித்த சின்ன வீடு. கம்பி வலைக் கதவுக்குப் பின்னால் கைத்தடியோடு ஒரு கிழவி நின்றுகொண்டிருந்தாள். ஹோசேயா படிக்கட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டான். அந்த அம்மாள் கதவைத் திறக்கவில்லை. வலை வழியாகவே அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தலையெல்லாம் நரைச்சுப்போச்சேடா," என்றாள். பிறகு, "நீ செத்துட்டேன்னு சபையில எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேனே. ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போவேன்?"

"நானும் நீங்க செத்துட்டதாத்தாம்மா சொல்லி வெச்சிருக்கேன்," என்றான் ஹோசேயா.

அந்த அம்மாளின் வாய் திறந்தபடியே நின்றது. ஓரலீ அதை மட்டும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெர்லீன் ஓடிப் போய்க் கதவைத் திறந்து அவளைத் தாங்கிக்கொண்டாள். மூன்று பேரும் அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் தாயும் மகனும் நேதனின் கல்லறைக்குக் கிளம்பினார்கள். வெர்லீன் அவர்களோடு போகவில்லை. அவளுடைய கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை. அதை அவர்கள் நடுவில் கொண்டுபோய் வைக்க அவளுக்கு மனமும் இல்லை. இருப்பதிலேயே மலிவான பஸ்ஸில் தனியாகச் சார்ல்ஸ்டனுக்குப் போனாள். துறைமுகத்தில் தண்ணீரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். மாமியார் கட்டிக்கொடுத்த பிஸ்கட் ரொட்டியையும் பன்றிக்கறியையும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தின்றாள். நன்றாக இருந்தது. பிறகு மகளுக்குப் போன் போட்டாள்.

"ரெனீட்டா, உங்கப்பாவோட அம்மா உயிரோட இருக்காங்க. நேத்து நான் அவங்க வீட்லதான் தூங்கினேன்."

"அம்மா," என்றாள் ரெனீட்டா, மெதுவாக. "வெயில்ல ரொம்ப நேரம் நின்னியா? பக்கத்துல யாராவது இருக்காங்களா? போனை அவங்ககிட்ட குடு."