அவள் காரில் ஏறிய சார்ஜ்

கார் சார்ஜரில் போனைச் சொருகியதும் திரையில் மின்னல் குறி வந்துவிடும். அதை நம்பி வண்டியை எடுப்பேன். ஊத்துக்குளி ரோட்டில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியிலிருந்து அவிநாசி பிரிண்டிங் யூனிட்டுக்குப் போய்ச் சேர்ந்து பார்த்தால், நாற்பத்தொன்றாக இருந்த சார்ஜ் முப்பத்தாறு ஆகியிருக்கும். வழியெல்லாம் வயரில் தொங்கிக்கொண்டு வந்த போன் ஐந்து சதவீதம் இறங்கியிருக்கும்.

எனக்கு வேலையே போனும் வண்டியும்தான். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கம்பெனியில் ஃபாலோ-அப் பார்க்கிறேன். துணி பின்னுகிற இடம், சாயம் போடுகிற இடம், பிரிண்ட் அடிக்கிற இடம் என்று ஒவ்வொன்றாகப் போய், எங்கள் துணி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மதியத்துக்குள் போன் பாதி காலியாகிவிடும். வண்டி, என் வீட்டுக்காரர் செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுத்தது. பின் சீட் முழுக்க சாம்பிள் துணியும் லேபிள் கட்டும் பட்டன் பாக்கெட்டுமாகக் கிடக்கும்.

நான் அனுப்பும் படங்களை ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிறவள் என் கொழுந்தனின் மனைவி.

அவளை அந்தக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போய் மேனேஜர் முன்னால் நிறுத்தியதே நான்தான். கல்யாணமாகி வந்த புதிது. இன்ஜினியரிங் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று நினைத்தேன். செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ போடுவார்கள், என் கண்ணுக்குக் கீழே இருப்பாள் என்று எண்ணியிருந்தேன். அவர்கள் அவளை மெர்ச்சண்டைசராக எடுத்துக்கொண்டார்கள். துணி வாங்குகிற வெளிநாட்டு பயரிடம் பேசுகிற வேலை. இரண்டே வருஷத்தில் கண்ணாடிக் கதவுக்குள் தனி மேசை. நான் வெயிலில் சுற்றி வந்து அவளிடம் விவரம் சொல்ல வேண்டும்.

வீடும் பக்கத்துப் பக்கத்தில்தான். ஒரே காம்பவுண்டில் எங்களுடையது ஒன்று, அவர்களுடையது ஒன்று. போன தீபாவளிக்கு முன்னால் அவர்கள் வெள்ளையில் புது கார் எடுத்தார்கள். பூஜை போட்ட அன்றைக்கு என் மாமனார் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஒரு ரவுண்டு போகலாம் சாமி என்று அவளிடம் சொன்னார். என் வண்டியில் ஏறச் சொன்னால் முழங்கால் இடிக்கிறது என்பார். என் மகள் இனிமேல் சித்தி காரில்தான் ஸ்கூலுக்குப் போவேன் என்றாள். நான் ஆரத்தித் தட்டைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே நின்றேன். கன்னம் வலித்தது.

அவளிடம் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அது கிடைக்கவில்லை. என்னைக் கண்டால் மேசையை விட்டு எழுந்து நிற்பாள். பொதுக் குழாயடியில் என் பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவி வைப்பாள். வாயைத் திறந்தால் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை வராது. அத்தனையும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை திருமுருகன்பூண்டியைத் தாண்டும்போது என் போன் அணைந்துபோனது. சார்ஜரில் போட்டபடியே அணைந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று பிரிண்ட் ஆக வேண்டியது குழந்தைகள் சட்டை, நெஞ்சில் ஒரு யானைப் படம். நீலத்தில் அடிப்பதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பிரிண்டிங் மாஸ்டர் என்னைப் பார்த்ததும் பிரிண்ட் ஓட்டலாமா என்று கேட்டார். ஓட்டுங்க என்றேன். அவர் மேசையில் இருந்த பிளக்கில் போனைப் போட்டுவிட்டு மெஷின் பக்கம் போய்விட்டேன்.

அரை மணி கழித்து வந்து போனை உயிர்ப்பித்தால் அவளிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால். யானையைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றச் சொல்லி பயர் எழுதியிருக்கிறார், பிரிண்டை நிறுத்துங்க என்று மெசேஜ். மாஸ்டருக்கும் அடித்திருக்கிறாள். மெஷின் சத்தத்தில் அவர் எடுக்கவில்லை. அதற்குள் முந்நூறு பீஸில் நீல யானை ஏறிவிட்டது.

மறுநாள் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். என் போன் செத்துப்போனதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மெயில நான் லேட்டாத்தாங்க சார் பாத்தேன். அக்காகிட்டச் சொல்றதுக்குள்ள ஓட்டிட்டாங்க."

மேனேஜர் அவளைத் திட்டினார். பொறுப்பில்லை என்றார், இன்னும் இரண்டு மூன்று வார்த்தை சொன்னார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். நான் பேசாமல் நின்றேன். வெளியே வந்ததும் ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். அதுவும் சொல்லவில்லை. காரும் மேசையும்தான் அவளிடம் இருக்கிறது என்று நினைத்தேன், இப்போது நல்ல மனசும் அவளுடையதாகிவிட்டதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் தன் கார் சார்ஜரைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். இதைப் போட்டுப் பாருங்க என்றாள். என் சார்ஜரே நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த சார்ஜை ஏற்றியே தீருவது என்று இறங்கினேன். முதலில் போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனின் அடியில் இருக்கும் ஓட்டைக்குள் ஊசியை விட்டு, பயறு அளவுக்குப் பஞ்சுத் துகளை உருட்டி எடுத்தார். பனியன் கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் இதுதான் என்றார். நம்பிக்கையோடு வண்டியில் போட்டேன். அப்போதும் இறங்கத்தான் செய்தது.

அடுத்து வயரை மாற்றினேன். நீளமான மெல்லிய வயர் வேண்டாம், குட்டையாகத் தடித்ததாக வாங்குங்கள் என்று கம்பெனியில் யாரோ சொன்னார்கள். அதில் சார்ஜ் இறங்குவது நின்றது, ஆனால் ஏறவும் இல்லை. பிறகு புது சார்ஜர் வாங்கினேன். இரண்டு ஓட்டை உள்ளது, ஒன்றில் வேகமாக ஏறும் என்றார்கள். இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கினால் சார்ஜரின் சின்ன விளக்கு அணைந்து எரிந்தது. உற்றுப் பார்த்தபோது சார்ஜர் முழுதாக உள்ளே இறங்காமல் நகத்தளவு வெளியே நிற்பது தெரிந்தது.

உள்ளே என்னவோ அடைத்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கையில் நூல் வெட்டுகிற டிரிம்மர் இருந்தது. வண்டியைக்கூட அணைக்காமல் அதன் இரும்பு முனையை வண்டியின் சார்ஜர் பாயிண்டுக்குள் விட்டுக் குடைந்தேன். பட்டென்று ஒரு பொறி. சார்ஜர், பாட்டு இரண்டும் ஒரே நேரத்தில் செத்தன.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஃபியூஸ் போயிருக்கிறது என்று புதிது போட்டுக் கொடுத்தார். இரும்பை விட்டதற்காகத் திட்டினார். டெஸ்டர் ஊசியை உள்ளே விட்டுப் பார்த்து, கரண்ட் ஒழுங்காக வருகிறது, பாயிண்டில் ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் எல்லோரும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். அவள் வீட்டுக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வாசற்கதவுக்குப் பின்னால் கார் சாவி தொங்கியது. என் சார்ஜரையும் வயரையும் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு போய், அவள் காரைத் திறந்து உட்கார்ந்தேன். சீட் இன்னும் புதுசு வாசம் அடித்தது. என் சார்ஜரை அவள் வண்டியில் சொருகினேன். கிளிக் என்று கடைசி வரை இறங்கியது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று, இருபத்து நான்கு என்று கண் முன்னாலேயே ஏறியது. அதே போன், அதே வயர், அதே சார்ஜர். என்னிடம் ஏறாமல் அவளிடம் ஏறுகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சார்ஜுக்காக ஒரு பெண்பிள்ளை அழுவாளா என்று நீங்கள் கேட்கலாம். நான் அழுதேன்.

பக்கத்துக் கதவு திறந்தது. அவள் வந்து உட்கார்ந்தாள். போனையும் என் முகத்தையும் பார்த்தாள்.

"கேட்டிருந்தா நானே சாவி குடுத்திருப்பனுங்கக்கா."

அந்தச் சாந்தமான குரல்தான் என்னைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன். "உன்னையக் கண்டா எனக்குப் பொறாமையா இருக்குது கண்ணு" என்றேன். "நீ வந்த நாள்ல இருந்தே இருக்குது."

"தெரியுமுங்கக்கா" என்றாள்.

இல்லை என்று மறுக்கவும் இல்லை, அப்படியெல்லாம் நினைக்காதீங்க என்று ஆறுதல் சொல்லவும் இல்லை. தன் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, என் வண்டிச் சாவியையும் வாங்கிக்கொண்டு என் வண்டிக்குப் போனாள். முதலில் ஃபியூஸைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊதுபத்திக் குச்சியின் நுனியில் பசைநாடாவைச் சுற்றி உள்ளே விட்டு, ஓரமாகச் சாய்ந்து கிடந்த ஒரு வெள்ளைப் பட்டனை ஒட்டி எடுத்தாள். கைக்குழந்தைச் சட்டையில் வைக்கிற சின்னப் பட்டன். பாயிண்டின் அடியில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. குச்சியில் உப்புக்காகிதத்தைச் சுற்றித் தேய்த்து, பஞ்சால் துடைத்து, ஃபியூஸைப் போட்டாள். சார்ஜர் முழுதாக இறங்கியது. எண் ஏறியது. மூன்று வாரம் நான் பட்ட பாட்டை அவள் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கை கழுவப் போனாள். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு மெயிலை அவள் உடனே பார்த்துவிட்டாள், ஒன்பது தடவை கூப்பிட்டாள், என் போன்தான் செத்துக் கிடந்தது என்றேன். நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் எனக்காக வாங்கிக்கொண்ட திட்டு அவளிடமே இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் இதையெல்லாம் இப்போது எதற்கும்மா சொல்கிறீர்கள் என்று அலுத்துக்கொண்டார். பிறகு அவளைக் கூப்பிட்டு, என்னிடம் பொய் சொல்வாயா என்று கேட்டிருக்கிறார்.

மதியம் அவள் என்னைத் தேடி ஸ்டோருக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"உங்களுக்கு மனசு ஆறோணும்னு என்னையப் பொய் சொன்னவளா ஆக்கிட்டீங்க. இனி நான் எது சொன்னாலும் அவரு நம்புவாருங்களா?"

அந்தக் கோபத்திலும் அந்த 'ங்க' இருந்தது. ஆனால் முதல் தடவையாக அவள் என்னிடம் மரியாதைக்காகப் பேசவில்லை. தப்புதான் என்றேன். அவள் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். பத்துப் பன்னிரண்டு நாள் வெறும் மெசேஜ்தான். படம் அனுப்புங்க, அளவு அனுப்புங்க. என் பாத்திரத்தையும் கழுவவில்லை. மாமனார் என்ன நடந்தது என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேருமே ஒன்றும் இல்லை என்றோம். பிறகு ஒரு நாள் லேபிள் சரியாக வந்திருக்கிறதா என்று கேட்கக் கூப்பிட்டவள், அப்படியே மகளின் பரீட்சை பற்றியும் கேட்டாள். பேச்சு பழையபடி ஓட ஆரம்பித்தது.

மழைக்காலம் முடியும் நேரத்தில் ஒரு மதியம் நான் சாயப் பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். அவளே போன் செய்தாள். பயரைப் பார்க்க மேனேஜரோடு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களாம், ஒரு வாரமாம். வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை, முதலில் என்னிடம்தான் சொல்கிறாளாம். நான் சாயத் தொட்டியில் சுழலும் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏனுங்கக்கா, லைன்ல இருக்கீங்களா என்றாள்.

"இருக்கறன். வயிறு எரியுது" என்றேன்.

அவள் சிரித்தாள். "எரியட்டுமுங்கக்கா. போறதுக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் வேணும். நாளைக்கு எங்கூடக் கடைக்கு வர்றீங்களா?"

வர்றேன் என்றேன். சாய மாஸ்டர் நிறம் பார்க்கக் கூப்பிட்டார். போனைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.