ஜூலியட் அக்காவின் மூன்று கேள்விகள்

ஜூலியட் அக்காவைப் போலப் பயப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை. மாடு முறைத்தால் பயம். மின்னல் வெட்டினால் பயம். குவைத்திலிருந்து அவர் கணவர் அடைக்கலசாமி ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணாவிட்டால் பயம். வேறு கிழமையில் பண்ணிவிட்டால் அதைவிடப் பயம். அப்படிப்பட்டவர்தான், ஒரத்தநாட்டுக்குத் தெற்கே எங்கள் ஊரில், பதினாறு பெண்கள் கொண்ட நடவுக் கோஷ்டிக்குப் பன்னிரண்டு வருடமாகத் தலைவி.

அவர் ஆசைப்பட்டு வந்த இடமில்லை அது. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கீழத்தெரு ஆண்கள் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நடவு வேலை பேசி ஆள் சேர்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியும் போய்விட்டார். இனி நிலக்காரர்களிடம் யார் போய்ப் பேசுவது என்று பெண்கள் கூடினார்கள். அன்றைக்குக் காய்ச்சல் என்று ஜூலியட் அக்கா வரவில்லை. வராதவர் பெயரைச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

பேசிய வேலை முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒரு நாளைக்கு மூன்று தடவை, எல்லோரும் வரப்பேறித் தண்ணீர் குடிக்கும்போது கேட்பார்: "எவ்வளவு நெனச்சோம்? எவ்வளவு ஆச்சு? இனிமே என்ன செய்யிறது?" வருகிற பதிலைப் பார்த்து ஆட்களை மாற்றுவார். நாற்றங்காலில் இருக்கிற இருவரை நடவுக்கு இழுப்பார். பேசிய மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், முடியாது என்று தெரிந்தால் மத்தியானமே நிலக்காரருக்குச் சொல்லி அனுப்புவார்: "இன்னைக்கு ரெண்டு மாதான். மிச்ச நாத்தைப் பறிக்க வேணாம்." பறித்த நாற்று கட்டோடு கிடந்து வெம்பிப் போகக் கூடாது என்று அவருக்கு அவ்வளவு கவலை.

"வரப்பேறுங்கடி, அக்கா பயப்படுற நேரம் வந்துருச்சு" என்பாள் மாலதி. கோஷ்டியில் வேகமாக நடுகிறவள் அவள்தான், வேகமாகப் பேசுகிறவளும். ஆனால் சொன்ன நாளில் சொன்னபடி முடிக்கிற கோஷ்டி என்று பட்டுக்கோட்டை சாலை வரைக்கும் பெயர் வந்ததற்கு அந்தப் பயம்தான் காரணம் என்று அவளுக்கும் தெரியும்.

பிறகு பதினாறு பேரும் சேர்ந்து ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். முதல் தடவையாகத் தங்களுக்கென்று சம்பா நட்டார்கள். தையில் அறுப்பு. அந்தக் கார்த்திகையில்தான் மழை பிடித்தது.

ஏழு வருடம் வெளிநாடுகளில் அலைந்துவிட்டு நான் ஊர் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. மூன்று நாளாக மழை விடவில்லை. நான்காம் நாள் காலை தெருவே வாய்க்கால் கரையில் நின்றது. கரைக்கு அந்தப் பக்கம் ஐந்தடித் தண்ணீர், இந்தப் பக்கம் தாழ்வில் நாற்பது வீடுகள். பாதிக்கு மேல் மண்சுவர். கரை உடைந்தால் ஒரு வீடும் மிஞ்சாது. ரோடு இரண்டு பக்கமும் முழுகிவிட்டது, போனும் இல்லை. வேலைக்கு ஆகிற ஆண்கள் என்று பார்த்தால் ஐயாவு அண்ணனும் இன்னும் மூன்று பேரும்.

ஜூலியட் அக்காவுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. "இருநூறு சாக்கு" என்றார். "தாழ்வா இருக்கிற எடத்துல ரெண்டு அடுக்குப் போட்டுட்டா தண்ணி மேலேறாது." உரச்சாக்கில் மண் நிரப்பிக் கைமாற்றினோம். ஒரு குச்சியில் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு கிழித்துக் கரையோரம் ஊன்றிவைத்தார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டார், எவ்வளவு ஆச்சு என்று.

"தொண்ணூறு! பாத்துக்க" என்றாள் மாலதி. "மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவோம். இன்னைக்காவது சிரியேன் அக்கா."

அவர் சிரிக்கவில்லை. கரையை விட்டுத் தெருப்பக்கம் இறங்கி, அடிவாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். நானும் போனேன். பாத்திமா மேரி பெரியம்மா வீட்டுக் கொல்லையில், கரையின் அடியில், கை நுழைகிற அளவில் நண்டு வளை ஒன்று. ஐயாவு அண்ணன் அதில் களிமண்ணைத் திணித்துக் குதிகாலால் மிதித்துக்கொண்டிருந்தார்.

"அடைச்சிட்டேன் தங்கச்சி. பயப்படாத."

வயல் வரப்பில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். வளை தெரிகிற பக்கம் மண்ணைப் போட்டு மிதித்தால் தீர்ந்தது. வயலில் நிற்பது கணுக்கால் தண்ணீர். இங்கே நின்றது ஐந்தடி. மிதித்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி மண் மெதுவாக உப்பியது. அதிலிருந்து கலங்கலாகத் தண்ணீர் வந்தது.

"தெளிவா வந்தா வெறும் ஊத்து. இது கரையைக் கரைச்சுக்கிட்டு வருதுண்ணே" என்றார் அக்கா. அவர் குரல் எனக்கே பயத்தைக் கொடுத்தது. "நீங்க இந்தப் பக்கம் அடைக்க அடைக்க உள்ளயே ஊறுது. வாய் அந்தப் பக்கம்ல இருக்கு."

மேலே ஏறி, "சாக்கு போதும், நிறுத்துங்க" என்று கத்தினார்.

"இன்னும் நூத்திப் பத்து இருக்கு!" என்றாள் மாலதி.

"ஆயிரம் போட்டாலும் கரை மேலதான்டி ஒசரும். அடியில போயிக்கிட்டு இருக்கு. இனிமே சாக்குக் கணக்கு வேணாம். வளையைத் தேடுவோம்."

உமியை அள்ளித் தண்ணீரில் தூவச் சொன்னார். உமி எங்கே சுழன்று உள்ளே இழுபடுகிறதோ அங்கே வாய். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆறு பேர் இறங்கினோம். அந்தக் குளிரை விட, காலை எதுவோ உறிஞ்சி இழுத்த அந்த நொடிதான் இன்றைக்கும் என் உடம்பில் இருக்கிறது. வைக்கோலும் களிமண்ணும் பிசைந்த மூட்டையை அந்த வாயில் வைத்து மிதித்தோம். கொல்லையில் கலங்கல் நின்றுவிட்டது. ஐயாவு அண்ணன் கை தட்டினார்.

ஆனால் அக்கா அடிவாரத்தை அடுத்த சுற்று பார்த்துவந்தபோது இரண்டு இடத்தில் கலங்கல். அதையும் அடைத்தோம். அதற்கடுத்த சுற்றில் நாலு. குச்சியில் தண்ணீர் கோட்டுக்கு மேல் மூன்று விரல் ஏறியிருந்தது. மழை கொஞ்சமும் குறையவில்லை.

அக்கா குச்சியைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். யார் முகத்தையும் பார்க்காமல், "கிழக்க வெட்டிவிட்ரணும்" என்றார்.

தெரு முடிந்ததும் கிழக்கே, ரோட்டுக்கு அப்பால், வீடுகளை விட இரண்டு முழம் தாழ்வான நிலம். அதைத் தாண்டி வடிகால். அங்கே கரையை வெட்டினால் வாய்க்கால் இறங்கும், தெருவின் மேலுள்ள அழுத்தம் குறையும். அந்த நிலம் பதினாறு பேருடைய ஆறு மா.

"நம்ம பயிரையா?" என்றாள் மாலதி. "உனக்குப் பயம்னா வீட்டுல போயிப் படு அக்கா. ரெண்டு மாசத்துல கதிர் அறுக்கணும். இவ்வளவு நேரம் அடைச்சோம், இன்னும் அடைப்போம்."

"ஒண்ணு அடைச்சா ரெண்டு வருது. எண்ணிப் பாரு."

"மழை விட்டுரும்."

"விடாட்டி? எங்க மாமியாருக்கு எந்திரிச்சு நடக்க முடியாது. உன் புள்ளைங்க அந்த மண்சுவத்துக்குள்ள இருக்குதுங்க. எனக்குப் பயமா இருக்கு மாலதி. பயந்துக்கிட்டேதான் சொல்றேன். பயிரு இனிமே நம்ம வேலை இல்ல. தெருதான் வேலை."

மாலதி மண்வெட்டியைத் தரமாட்டேன் என்று நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அப்போது பாத்திமா மேரி பெரியம்மா வீட்டுக் கொல்லைச் சுவர் பொத்தென்று விழுந்தது. மாலதியே முன்னால் ஓடினாள். முதல் வெட்டை அவள்தான் போட்டாள், அழுதுகொண்டே, அக்காவைத் திட்டிக்கொண்டே. தண்ணீர் ஒரு சாண் அகலத்தில் இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓராள் அகலமானது. இடுப்பளவு நின்ற பச்சை, நுனி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் குச்சியில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. விழுந்தது ஒரு கொல்லைச் சுவர் மட்டும்.

எங்கள் தெருவில் இதைத் தைரியம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அக்காவிடம் அப்படிச் சொன்னால் பிடிக்காது. மழை அன்று மாலையே விட்டுவிட்டது. "வெட்டாட்டியும் கரை நின்னுருக்குமாண்ணே?" என்று ஐயாவு அண்ணனை எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். அவரும் ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொன்னார்: "நின்னுருக்கவும் நின்னுருக்கும் தங்கச்சி." அதைக் கேட்ட பிறகு அவருக்குச் சோறு இறங்காது.

மாலதி பத்து நாள் அவரோடு பேசவில்லை. வயலில் அழுகின பயிரின் நாற்றம் தெரு வரைக்கும் வந்தது. பதினோராம் நாள் காலையில் மாலதி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"தண்ணி வடிஞ்சிருச்சு. உளுந்து தெளிக்கிறதா, பயறான்னு நீ வந்து சொல்லாம எவளும் எறங்க மாட்டேங்குறாளுவ."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார். "இதுவும் தப்பாப் போச்சுன்னா?"

"போனா மாத்தித் தொலைவோம். வா, வெயில் ஏறுது."