தோற்பதற்கு மூன்று பிட்சர்கள்

டொலீடோவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் உண்டு. வரப்போகிற வாரத்துக்கு பேஸ்பாலில் பந்து எறிய எந்த பிட்சரை இறக்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. எல்டன் சாபோ இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தவர். பிரசங்கம் நடக்கும்போது பாட்டுப் புத்தகத்துக்குள் போனை மறைத்துவைத்துப் பார்ப்பார். மனைவி லொரெய்ன் முழங்கையால் விலாவில் இடிப்பாள். போன இலையுதிர் காலத்தோடு இடிக்க ஆளில்லாமல் போயிற்று. எல்டன் சர்ச்சை விட்டார். ஞாயிறு காலையை நேடீனின் சாப்பாட்டுக் கடைக்கு மாற்றிக்கொண்டார்.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற மனுஷன். அறுபதைத் தாண்டிவிட்டார். பேருந்துப் பணிமனை ஆட்கள் சேர்ந்து ஆரம்பித்த லீக்கில் முதல் வருஷத்திலிருந்து ஆடுகிறார். ஆடுகிறார் என்றால் மட்டையைத் தொடுவதில்லை. நாட்டில் நிஜமாக பேஸ்பால் ஆடுகிறவர்களை இவர்கள் வசந்த காலத்தில் பெயர் சொல்லிப் பங்குபோட்டுக்கொள்வார்கள். அந்த ஆட்டக்காரன் எங்கோ ஓர் ஊரில் நன்றாக ஆடினால் இங்கே இவருக்குப் புள்ளி. வாரத்துக்கு ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும். யாரை இறக்குவது, யாரை உட்காரவைப்பது என்று போனில் முடிவு செய்வதுதான் மொத்த வேலையும்; புள்ளிக் கணக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். திங்கட்கிழமை முதல் ஆட்டத்தில் முதல் பந்து எறியப்பட்டதும் பட்டியல் பூட்டிக்கொள்ளும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

இதில் உயிர் பிட்சரிடம் இருக்கிறது. நல்ல பிட்சர் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் எறிவான். அவனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை வாய்த்தால் அது கொழுத்த வாரம். எந்த ஊரில் எறிகிறான், எதிரே அடிக்கிறவர்கள் இடக்கையா வலக்கையா, சிகாகோவில் காற்று ஏரியிலிருந்து வருகிறதா ஏரிக்குப் போகிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். எல்டன் பார்ப்பார். வீட்டில் கூரை ஒழுகுவதைப் பார்க்கமாட்டார், இதைப் பார்ப்பார்.

அந்தப் பார்வைதான் அவரைக் கெடுத்தது. லொரெய்ன் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் கிடந்தாள். ஒரு பிட்சருக்குத் தோள் பிடித்துக்கொண்டது என்று செய்தி வந்தது. வேறொருவனை மாற்றிவிட்டு வருகிறேன் என்று எல்டன் தாழ்வாரத்துக்குப் போனார். மாற்றிவிட்டுத் திரும்பியபோது அவள் போய்விட்டிருந்தாள். கையைப் பிடித்தபடி மகன் கர்டிஸ் மட்டும் உட்கார்ந்திருந்தான். அடக்கம் முடிந்து கார் நிறுத்தத்தில் நின்றபோது அவன் சொன்னான், “இனிமே உன்கிட்ட பேச எனக்கு ஒண்ணுமில்லப்பா.” கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று எல்டன் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டார். அவன் நாட்டின் இன்னொரு கோடியில் இருக்கிற டூசானுக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஆனால் லீக்கை விடவில்லை. அதுதான் எல்டன் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு. பதினோரு வயதில் அப்பனோடு உட்கார்ந்து அவன் பெயர் வைத்த டீம், ‘சின்ன சாபோ’, இந்த வசந்தத்திலும் பட்டியலில் இருந்தது. பங்குபோடுகிற நாளில் அவன் வரவில்லை. லீக்கின் தலைவர் டுவைன் ஹோலிஸ், பணிமனையில் மெக்கானிக், “பையன் வேலையில மாட்டிக்கிட்டானாம், கம்ப்யூட்டர் மிஷினையே ஆளுங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிட்டான்” என்றார். சரி, இருந்தால் போதும் என்று எல்டன் விட்டுவிட்டார்.

ஏப்ரலில் ஒரு வாரம் எல்டன் யாரையோ வெளுத்து வாங்கியபோது, போனில் வருகிற லீக்கின் செய்திப் பலகையில் ‘சின்ன சாபோ’ பெயரில் ஒரே ஒரு வரி வந்தது. “நல்ல ஆட்டம்பா.” பேருந்தை ஓரம் கட்டிவிட்டு அதைப் படித்தார். பின்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டன. போடட்டும் என்று இன்னொரு தடவை படித்தார். ஜூலையில் ‘சின்ன சாபோ’ டென்ஹாம் என்கிற கிழட்டு இடக்கைக்காரனை இறக்கியது. லீக்கில் வேறு எவனும் அவனைச் சீண்டமாட்டான். ஆனால் டென்ஹாம் இளைஞனாக டொலீடோவின் சின்ன டீமில் எறிந்த காலத்தில், வேலியோரம் நின்ற கர்டிஸுக்கு ஒரு பந்தைத் தூக்கிப் போட்டவன். அந்தப் பந்து இன்னும் வீட்டில் இருக்கிறது. பையன் வாய் திறந்து சொல்லாததை இப்படிச் சொல்கிறான் என்று எல்டன் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் மகனின் பட்டியலைக் கடிதம் படிப்பதுபோல் படித்தார்.

செப்டம்பரில் அரையிறுதி வந்தது. எல்டனுக்கு எதிரே ‘சின்ன சாபோ’.

இந்த லீக்கில் ஒரு பழைய சட்டம் உண்டு. இறுதிக்கு வந்த இரண்டு பேரும் டுவைன் வீட்டுக் கொல்லையில் நேரில் வந்து உட்கார்ந்து கடைசி நாள் ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். தோற்றவன் அடுப்பில் சாஸேஜ் வாட்டி ஜெயித்தவனுக்குத் தன் கையால் பரிமாற வேண்டும். அலாஸ்காவுக்கு வேலைக்குப் போன ஒருத்தன்கூட விமானம் பிடித்து வந்திருக்கிறான். கர்டிஸ் சின்ன வயதிலிருந்து லீக் சட்டம் எதையும் மீறியதில்லை. அவன் இறுதிக்கு வந்தால் டொலீடோவுக்கு வந்தாக வேண்டும். மற்றவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க அந்தக் கொல்லைக்கு வருவார்கள். எல்டனும் வருவார். ஒரே மேஜை. ஒரு நாள் பூராவும்.

ஆக, எல்டன் தோற்க வேண்டும்.

அந்த ஞாயிறு நேடீன் கடையில் உட்கார்ந்து அவர் போட்ட திட்டத்தைப் போல் வாழ்நாளில் போட்டதில்லை. அவருடைய சிறந்த பிட்சர் காலோவேக்கு அந்த வாரம் இரண்டு ஆட்டம், இரண்டும் சோப்ளாங்கி டீம்களோடு. அவனை உட்காரவைத்தார். டென்வரில் காற்று லேசு, அங்கே தட்டினாலே பந்து பறக்கும். டென்வரில் எறியப்போகிறவன் ஒருத்தனைத் தேடி உள்ளே போட்டார். தோள் வலியிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்தவன் ஒருத்தன். நாட்டிலேயே பலமான மட்டைக்காரர்களிடம் மாட்டப்போகிறவன் ஒருத்தன். தோற்கவும் இவ்வளவு உழைக்க வேண்டியிருந்தது.

“என்னண்ணே, முட்டை ஆறிப்போச்சு” என்றாள் நேடீன், காபியை ஊற்றிக்கொண்டே. “மூஞ்சி வேற ஒரு தினுசா இருக்கு.”

“இந்த வாரம் என் பையனோட ஆட்டம்மா.”

“அட, அப்பனும் புள்ளையுமா! யாரு ஜெயிப்பா?”

“அவன்தான்.”

“இப்பவே எப்படிச் சொல்றீங்க?”

“அதை நான் பாத்துக்கறேன்” என்றார். மாசக்கணக்கில் வராத சிரிப்பு அவர் முகத்தில் வந்ததைப் பார்த்து அவள் இன்னொரு துண்டு ரொட்டி கொண்டுவந்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பேருந்தைப் பணிமனையில் நிறுத்தினார். கிரீஸ் துணியைக் கையில் வைத்துக்கொண்டு டுவைன் படியேறி உள்ளே வந்தார்.

“டேய், என்னடா பண்ணி வெச்சிருக்கே?”

“என்ன பண்ணேன்?”

“காலோவேயை வெளிய உக்கார வெச்சிருக்கே. டென்வர்ல எறியறவனைக் கூப்பிட்டு உள்ள விட்டிருக்கே. மறை கழண்டுடுச்சா?”

“ஒரு யோசனைதான்.”

“யோசனையாம்! டென்வர்னு காதுல விழுந்தாலே ஜன்னலைச் சாத்தற ஆளுடா நீ. எங்கிட்டயே கதை விடறியா?” டுவைன் குரலைத் தாழ்த்தினார். “வேணும்னே தோக்கறியா?”

அந்த லீக்கில் ஒருவனுடைய மனைவியோடு ஓடிப்போனால்கூட மன்னிப்பு கிடைக்கலாம். வேண்டுமென்றே தோற்றால் கிடைக்காது. எல்டன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் வரணும்டா” என்றார் கடைசியில். “உன் கொல்லைக்கு வரட்டும். பேசக்கூட வேண்டாம். எதிர்ல உக்காந்தாப் போதும். அவன் தோத்தாலும் சரி, ஜெயிச்சாலும் சரி, சாஸேஜை நானே வாட்டறேன்.”

டுவைன் சட்டென்று சிறுபிள்ளை இருக்கையில் உட்கார்ந்தார். முழங்கால் முன் இருக்கையில் முட்டிக்கொண்டு நின்றது.

“கர்டிஸ் வரமாட்டான்டா.”

“வருவான். சட்டத்தை மீறமாட்டான் அவன்.”

“எல்டன், அவன் ஆட்டத்துலயே இல்லடா.”

எல்டனுக்கு அது விளங்கவில்லை. டுவைன் துணியைப் பிழிந்து பிழிந்து பேசினார். “மார்ச்சுலயே போன் பண்ணிட்டான். ‘மாமா, என்னை விட்டுடுங்க, அந்த ஆட்டத்தைப் பாத்தாலே அம்மா படுத்திருந்த ரூமுதான் கண்ணுக்குள்ள வருது’ன்னான். டீமை எடுக்கத்தான் போனேன். அன்னிக்குப் பாத்து நீ வந்து நின்னே. ‘கர்டிஸ் இருக்கானா?’ன்னு கேட்டே. உன் மூஞ்சியைப் பாத்துட்டு ‘இருக்கான்’னுட்டேன்.”

“அப்போ இத்தனை நாளா யாரு ஆடறது?”

“மிஷின். தானா ஆடற மாதிரி திருப்பி விட்டுட்டேன். சீக்கிரம் தோத்துத் தொலையும், சத்தமில்லாம எடுத்துடலாம்னு பாத்தேன். சனியன், நம்ம எல்லாரையும்விட நல்லா ஆடித் தொலைக்குது.”

“டென்ஹாமை எறக்கினானே?”

“மத்தவனுக்கெல்லாம் அடிபட்டிருந்துச்சுடா. மிச்சம் கெடந்தவன் அவன்தான்.”

பணிமனையில் யாரோ சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை எல்டன் காத்திருந்தார்.

“ஏப்ரல்ல எழுதினானே. ‘நல்ல ஆட்டம்பா’ன்னு.”

டுவைன் கிரீஸ் துணியை மடித்து முழங்கால்மேல் வைத்தார்.

“உன்னைத்தான்டா கேக்கறேன்.”

“நான்தான்டா எழுதினேன்” என்றார் டுவைன். “நீ அப்போ இருந்த இருப்பு அப்படி. ஒரு வார்த்தைதானேன்னு...”

“அடப்பாவி” என்றார் எல்டன். அடிக்க வேண்டும் போலிருந்தது. அந்தப் பொய்யை இன்னும் ஒரு வாரம் காப்பாற்றியிருக்கக் கூடாதா என்றும் இருந்தது. இரண்டாவது நினைப்புதான் பலமாக இருந்தது, அதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் மணியடிக்கக் காத்திருந்தபோது கர்டிஸின் எண்ணைப் போனில் எடுத்தார். கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது. அவன் போனை எடுத்தால் என்ன சொல்வது? அந்த மகனிடம் அவர் பேசியதெல்லாம் பிட்சர்களைப் பற்றித்தான். பரீட்சை நாளிலும் அதுதான், காய்ச்சல் நாளிலும் அதுதான், முதல் சம்பளம் வாங்கிவந்த நாளிலும் அதுதான். அதைக் கழித்துவிட்டால் அவனோடு பேச அவரிடம் ஒரு வார்த்தை மிச்சமில்லை. அவன் சொன்னது சரி. பேச ஒன்றுமில்லை. அந்த எண்ணை விட்டு வெளியே வந்தார்.

பட்டியல் பூட்ட இன்னும் நேரம் இருந்தது. டென்வர்க்காரனை வெளியே எடுத்தார். தோள் வலிக்காரனை எடுத்தார். மூன்றாவது ஆளையும் எடுத்தார். காலோவேயையும் வழக்கமான ஆட்களையும் அவரவர் இடத்தில் திரும்ப வைத்தார். விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும். மணி அடித்தது, பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு ஏறின, அவர் கதவைச் சாத்தி வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் பணிமனையில் டுவைன் காத்திருந்தார். கண் சிவந்திருந்தது.

“இன்னிக்கே எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்டா. அந்த டீமை எடுத்துடறேன்.”

“எடுக்காதே.”

“மிஷின்டா அது.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் எதுக்குடா?”

“பேரு அவனோடதுதானே. இருந்துட்டுப் போகட்டும்” என்றார் எல்டன். “அடுத்த வருஷமும் எடுக்காதே.” சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். டுவைன் பின்னால் கூப்பிட்டார். எல்டன் திரும்பவில்லை.

அந்த வாரம் காலோவே இரண்டு ஆட்டத்திலும் பிரமாதமாக எறிந்தான். எல்டன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்து இறுதிக்குப் போனார். ஒன்றும் தெரியாத மற்றவர்கள் பலகையில் கும்மாளம் போட்டார்கள். அப்பன் அப்பன்தான், சின்ன சாபோ வீட்டுக்குப் போடா, அழாதேடா என்று ஆளாளுக்குக் கிண்டல். அவற்றுக்குக் கீழே ஞாயிறு சாயங்காலம் எல்டன் ஒரு வரி சேர்த்தார். “நல்லாத்தான் ஆடினே கர்டிஸ். டென்ஹாமை எறக்கியிருக்கலாம்.”

அதற்குப் பதில் எதுவும் வரவில்லை. டுவைனும் இந்தமுறை எழுதவில்லை.